ஜெனி ஓடிய கோணல் வழி

இதில் மூத்திரத்தைப் பற்றி நிறைய வரும். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இரண்டு விஷயங்களைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஒன்று, பக்கத்துக் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பை. இன்னொன்று, கடலோரப் பூங்காவில் என் தோழி ஜெனி ஓடிய வழியைக் காட்டும் செல்போன் கோடு. பயம், வலி, பில் எல்லாம் இருந்தன. அவற்றையும் சொல்கிறேன். ஆனால் பொறாமைதான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருந்தது, அதை மறைத்து எழுதினால் பாதிக்கு மேல் பொய்யாகிவிடும்.

என் பெயர் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூட நாட்களில் மாவட்டப் போட்டி வரைக்கும் ஓடியிருக்கிறேன். இப்போது ஒரகடத்தில் செல்போனுக்குள் போகிற பொடிப்பொடிப் பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். தங்குவது பென்னலூரில் ஒரு ஹாஸ்டலில். லைனில் எனக்கு அடுத்த இடத்தில் நிற்பவள் ஜெனி. முழுப் பெயர் ஜெனிஃபர். படப்பைக்கு உள்ளே தள்ளி அவளுக்குச் சொந்த வீடு இருக்கிறது, அம்மா சமையல் இருக்கிறது. என் பொறாமை அங்கேயே ஆரம்பித்திருக்க வேண்டும். அப்போது ஆரம்பிக்கவில்லை, காரணம் ஓட்டத்தில் அவள் எனக்குப் பின்னால்தான் வருவாள்.

ஓடுவதற்கு அவளைப் பழக்கியது நான். கோவளத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, அந்தப் பூங்கா இருக்கிறது. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ, வண்டலூரிலிருந்து பஸ், கேளம்பாக்கத்தில் இறங்கி இன்னொரு பஸ். இவ்வளவு தூரம் போய் ஓட வேண்டுமா என்று ஹாஸ்டலில் சிரிப்பார்கள். ஒரகடத்தில் ஓடினால் டிரைலர் லாரிப் புழுதி மூக்கில் ஏறும், நாய் துரத்தும், பைக்கில் வருகிறவன் வேகத்தைக் குறைத்துக் கூடவே வருவான். பூங்காவில் அது எதுவும் கிடையாது. ஜெனி சனிக்கிழமை சாயங்காலமே சர்ச் பூசையை முடித்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவோம்.

அங்கே மூன்று வழிகள், மூன்றும் நான் கண்டுபிடித்தவை. முதலாவது, வாசலிலிருந்து உயிர்காக்கும் காவலர்களின் கூண்டு வரை போகிற சிவப்புக் கல் நடைபாதை. பெரியவர்கள் கையை வீசி நடக்கிற இடம், உடம்பைச் சூடேற்ற மட்டும் சரி. இரண்டாவது, சவுக்குத் தோப்புக்குள் போகிற ஒற்றையடிப் பாதை. உதிர்ந்த இலைகள் மெத்தை போட்டமாதிரி இருக்கும், முட்டி வலிக்காது. மூன்றாவதுதான் என் வழி. சிவப்புக் கல்லையும் தோப்பையும் கடந்து, மீனவக் குப்பத்தின் படகுகளைத் தாண்டி, ஈர மணலிலேயே முகத்துவாரம் வரை. இடது பக்கம் கடல், மேலே வருகிற சூரியன், பாதத்துக்கு அடியில் இறுகிய மணல். எங்கேயும் திரும்ப வேண்டாம், நிற்க வேண்டாம். ஓடிய வழியைக் கோடாகப் போட்டுக் காட்டும் ஆப் ஒன்று எங்கள் இருவர் செல்போனிலும் உண்டு. அதில் என் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தமாதிரி நேராக விழும். அதை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வருவேன்.

இனி லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நோய் எங்கிருந்து வந்தது என்று புரியாது. எங்கள் பகுதியில் தூசி படக்கூடாது. தலைக்கு உறை, முகத்துக்கு மாஸ்க், கழுத்திலிருந்து கால்வரை அங்கி, காலுக்குத் தனிச் செருப்பு. பாத்ரூம் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் என்று ஒருவர் இருப்பார், நாம் திரும்பும்வரை நம் இடத்தில் நிற்பது அவர் வேலை. அவர் வரும்வரை காத்திருந்து, அத்தனையையும் கழற்றிப் போய்வந்து, மறுபடி மாட்டி, காற்று வீசும் அறையில் நின்று தூசி போக்கி உள்ளே வர வேண்டும். யார் எத்தனை தடவை ரிலீவரைக் கூப்பிட்டார்கள் என்று போர்டில் ஏறும். கூப்பிடாதவர் பெயருக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்.

என் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் நட்சத்திரம்தான். ரகசியம் சுலபம். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்கக் கூடாது, கேன்டீனில் ரசம் மோர் பக்கமே போகக் கூடாது. லைனில் பாதிப் பெண்கள் இதைத்தான் செய்கிறோம். ஜெனி மட்டும் தண்ணீர் பாட்டிலும் கையுமாக வருவாள், வெட்கமே இல்லாமல் கையைத் தூக்குவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் லீக்கேஜ். “லீக்கேஜு கௌம்பிடுச்சி” என்று யாராவது கத்தினால் அவளும் சேர்ந்தே சிரிப்பாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நைட் ஷிஃப்ட். மாதவிலக்கு வலிக்குத் தினமும் மாத்திரை போட்டிருந்தேன். ஞாயிறு காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து படப்பையில் இறங்கியவள், தூங்கப் போகாமல் அப்படியே பூங்காவுக்குப் போனேன். காற்றே இல்லாத புழுக்கம். ஜெனி பாதி வழியில் சர்பத் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. முகத்துவாரம் வரை போய்த் திரும்பி, போதாதென்று இன்னொரு தடவையும் போனேன். அன்றைக்கு விழுந்த கோடுதான் என் வாழ்க்கையிலேயே அழகான கோடு.

சாயங்காலம் இரண்டு தொடையும் மரக்கட்டையாக இறுகிவிட்டன. பாத்ரூமில் பார்த்தால் மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போகிறது. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். மறுநாள் பென்னலூர் கிளினிக்கில் ஊசி போட்டு, “வெயில்ல ஓடாதம்மா” என்று அனுப்பினார்கள். அதற்கும் மறுநாள் வாந்தி. மூத்திரம் சொட்டு சொட்டாகி, பிறகு அதுவும் நின்றுபோனது. நான் லைனுக்கு வராததைப் பார்த்து ஹாஸ்டலுக்கு வந்த ஜெனிதான் என்னை எழுப்பி உட்காரவைத்தாள்.

“இன்னாடி, மூஞ்சி இப்டி வீங்கிகினு கீது? எந்திரி, எந்திரி. செருப்பு கூட வோணாம், வா.”

ஆட்டோவில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வராந்தா, ஒவ்வொரு வராந்தாவிலும் நாற்காலி கிடைக்காமல் நிற்கிற கூட்டம். கடைசியில் சிறுநீரக டாக்டர் வந்தார். இளம் வயதுப் பெண், குரல் மெதுவாக இருந்தது. ரேப்டோமயோலிசிஸ் என்று ஒரு பெயர் சொன்னார். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: உடம்பில் தண்ணீர் இல்லாமல் அளவுக்கு மீறி வேலை வாங்கியதில் தசைகள் உடைந்திருக்கின்றன. உடைந்த தசையிலிருந்து ஒரு சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலந்து, கிட்னியின் சல்லடைக் கண்களை அடைத்துவிட்டது. வலி மாத்திரையும் தன் பங்கைச் செய்திருக்கிறது. கிரியாட்டினின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று காட்டுகிற அளவு அது.

“வேலை நேரத்துல தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“குடிக்க மாட்டேன் மேடம்.”

“ஏன்?”

நான் சொல்வதற்குள் ஜெனி முந்திக்கொண்டாள். “குடிச்சா போவணும் மேடம். போனா போர்டுல பேரு ஏறும். இவ ஸ்டார் வாங்குற ஆளு.”

டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியாக மெஷினுக்குள் போய், கழுவப்பட்டு, இன்னொரு குழாய் வழியாக உள்ளே வருகிறது. வலிக்காது, ஆனால் குளிரும். அந்த அறையில் வருஷக்கணக்காக வந்துபோகிறவர்கள் இருந்தார்கள். தங்கள் போர்வையைத் தாங்களே கொண்டுவந்து, எந்த மெஷின் நல்ல மெஷின் என்று பேசிக்கொள்வார்கள். எனக்கும் இப்படித்தானா என்று டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

“பெரும்பாலும் கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சுடும்,” என்றார் டாக்டர். “சில பேருக்குத் திரும்புறதில்ல. உங்களுக்கு வயசு கம்மி, நம்பிக்கை இருக்கு. மூத்திரம் வர ஆரம்பிக்கட்டும். அதுதான் நமக்குச் செய்தி.”

“ஓடலாமா மேடம்?”

“முதல்ல அது வரட்டும்.”

அதுவரை தண்ணீருக்கும் தடை. வெளியே போகாத உடம்புக்குள் தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலில் தேங்குமாம். நாளுக்கு ஒரு சின்ன டம்ளர், அதையும் பிரித்துப் பிரித்துத்தான். குடிக்கச் சொன்னபோது குடிக்காத பாவம் இப்போது வாயைக் காய்ந்த துணியாக்கிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவாள், அதை உறிஞ்சிவிடுவேன். வார்டில் யார் வாட்டர் பாட்டிலைத் திறந்தாலும் அந்த மூடி திருகுகிற சத்தம் எனக்குக் கேட்கும். தண்ணீர் குடிக்கிற எல்லாரையும் வெறுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பைப்பில் வாளியை நிரப்பிய ஆயாவையும் சேர்த்துத்தான்.

ஆனால் பக்கத்துக் கட்டில் அஞ்சலை அக்காவிடம் நான் பட்ட பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. படப்பையில் இட்லிக் கடை வைத்திருப்பவர், கிட்னியில் கல் என்று வந்து சேர்ந்தவர். அவர் கட்டிலில் தொங்கிய பை மளமளவென்று நிறையும். தெளிவான, வெளிர் மஞ்சள். சிஸ்டர் அளந்துவிட்டு, “சூப்பர் அக்கா” என்பார். அடுத்து என் பக்கம் குனிவார். பையின் அடியில் டிகாஷன் மாதிரி ஒரு கோடு கிடக்கும். ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போய்விடுவார். லைனில் என் பெயருக்கு ஒட்டிய நட்சத்திரங்களெல்லாம் இப்போது அஞ்சலை அக்கா பக்கம் போய்விட்டன.

நான் அவருடைய பையையே முறைத்துக்கொண்டிருப்பதை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். “இன்னாம்மா, கண்ணு வச்சிக்கினே கீற? வோணும்னா சொல்லு, பாதிய உன்துல ஊத்தி உட்றேன். சிஸ்டருக்குத் தெரியவா போவுது?”

அம்மா சிரித்துவிட்டாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது.

அம்மா ஒரு கட்டைப்பையோடு ராத்திரி ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்ததால் பெரிய செலவைக் கம்பெனிக்காரர்கள் பேசி முடித்தார்கள். கார்டில் வராத மருந்துக்கு மெடிக்கல் கடைச் சீட்டு வரும்போதெல்லாம் அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பிறகு முந்தானையில் முடிந்துகொள்வாள். எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வராந்தாவுக்குப் போய் அப்பாவிடம் போன் பேசுவாள். ஹாஸ்டல் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கொடுத்தார்கள். ஜெனியின் அம்மா தினமும் தூக்குவாளியில் உப்புக் குறைத்த சோறு அனுப்பினார். கொண்டுவருவது ஜெனி, ஷிஃப்ட் முடிந்த களைப்பிலேயே.

இதில் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். ஜெனி வந்ததும் அம்மா முகம் மலர்ந்துவிடும். “வாட்டி தங்கம், சாப்ட்டியா? தலையப் பாரு, எண்ணெ காணாம பறக்கு. இங்க வந்து இரி” என்று அவளைக் கட்டிலோரம் உட்காரவைத்து, என் சீப்பால், என் கண்ணெதிரே, தலை வாரிப் பின்னிவிடுவாள். என் தலை கழுத்துக் குழாய்க்காக ஒரு பக்கமாகத் தூக்கிக் கட்டிக் கிடந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சும்மா செல்போனைத் தட்டியபோது ஆப்பில் ஜெனியின் கோடு. ஓடியிருக்கிறாள். நான் இங்கே கழுத்தில் குழாயோடு கிடக்கிறேன், அவள் என் பூங்காவில், என் மூன்றாவது வழியில், தனியாக ஓடியிருக்கிறாள். ஒரு வாரமாவது விட்டுவைக்கக் கூடாதா? பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. ஓடத் தெரியாதவள் கையில் கோலமாவைக் கொடுத்தமாதிரி, என் நேர்வழியைக் கோணல்மாணலாக்கியிருந்தாள். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. தோப்பிலிருந்து சாலைப் பக்கம் ஒரு வளைவு. குப்பத்துக்குள் ஒரு சந்து வழியாக நுழைந்து, ஒரு வீட்டுவாசலில் நின்று, மறுபடி கடற்கரைக்கு வந்திருக்கிறாள்.

சாயங்காலம் வந்தவளிடம், “ஓடினியா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆமா. சும்மா,” என்றாள். “அங்க ஒரு வேல இருந்துச்சி.”

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டால் ஏங்குகிறேன் என்று தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறும் அதே வீடு. இந்தத் தடவை அங்கே நின்ற நேரம் இன்னும் அதிகம். அஞ்சலை அக்காவுக்குப் பொழுது போகவில்லை, எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

“வாரா வாரம் ஒரே வூட்டாண்ட நின்னுகினு கீதுன்னா இன்னாம்மா அர்த்தம்? பையன் தான்.”

“சீ, அவ அப்டிலாம் இல்லக்கா.”

“நல்ல பொண்ணுங்களுக்கும் பையன் உண்டும்மா,” என்றார் அக்கா.

அன்றையிலிருந்து அந்தப் பையனுக்கு நானே முகம் வரைந்துவிட்டேன். படகு வைத்திருப்பவன், சுருட்டை முடி, ஜெனி வரும் நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நிற்பான். கடற்கரை, ஓட்டம், தலை வாரிவிட என் அம்மா, போதாததற்கு இப்போது ஒருவன் வேறு. அத்தனையும் அவளுக்கு. எனக்கு ஒரு காலிப் பை. டயாலிசிஸ் மெஷின் முன்னால் கிடக்கும்போது கண்ணை மூடி என் வழியில் ஓடிப் பார்ப்பேன். சிவப்புக் கல், தோப்பு, படகுகள். அந்தச் சந்து வந்ததும் ஓட்டம் நின்றுவிடும், ஜெனியும் அவனும் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

மூத்திரம் வந்த நாளைச் சொல்ல வேண்டும். காலையில் அம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலை அக்காதான் முதலில் பார்த்தார். “சிஸ்டர்! இந்தப் பொண்ணு பைய வந்து பாரு!” என்று வார்டே திரும்பும்படி கத்தினார். பையின் அடியில் கொஞ்சம், கலங்கல்தான், ஆனால் கோடாக இல்லை, மட்டமாக நின்றது. சிஸ்டர் குனிந்து அளந்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணும் சிரித்தது. அம்மா பையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம், அதற்கு மறுநாள் அதைவிட. பிறகு அணை திறந்துவிட்டமாதிரி வந்தது. டாக்டர் தண்ணீர்த் தடையை நீக்கினார். போகிற அளவுக்குக் குடித்தே ஆக வேண்டும் என்றார். முதல் சொம்புத் தண்ணீரை நான் குடித்த விதத்தை அம்மா இன்றைக்கும் ஊரில் நடித்துக் காட்டுகிறாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். “கிட்னி திரும்பிடுச்சு, ஆனா இன்னொரு அடியைத் தாங்காது. தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது. இந்த ரெண்டும் முடியாத இடத்துல நீங்க ஓடக் கூடாது. ரத்தப் பரிசோதனை சரியா வந்தா முதல்ல நடக்கலாம், பிறகு பார்க்கலாம்.”

எனக்கு உடனே என் மூன்றாவது வழிதான் கண்ணில் நின்றது. அதில் ஒரு குழாயும் கிடையாது, ஒரு பாத்ரூமும் கிடையாது. மணலும் கடலும்தான். அந்த அழகுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படியானால் அந்த வழி இனி எனக்கில்லை, ஜெனிக்குத்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஏறும்போது ஜெனி கட்டிப்பிடித்தாள். நான் கையை அவள் முதுகில் வைத்தேன், அவ்வளவுதான்.

ஊரில் கிடந்த வாரங்களிலும் ஞாயிறு தவறாமல் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதென்று செல்போனை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்த ஞாயிறும் உண்டு, சாயங்காலம் எடுத்துப் பார்த்துவிட்டேன். வளைவுகள் கூடிக்கொண்டே போயின. முகத்துவாரத்துக்குப் பக்கத்திலும் புதிதாக ஒன்று முளைத்தது. அம்மா ஜெனியோடு போனில் பேசுவாள், என்னிடம் நீட்டுவாள், “அப்புறமாப் பேசுதேன்னு சொல்லு” என்பேன்.

“ஏட்டி, அந்தப் பிள்ள ஒனக்கு என்ன பண்ணிச்சி? மொகத்தத் திருப்புத?” என்று அம்மா ஒருநாள் அடுப்படியிலிருந்தே கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை, ஓடினாள் என்று எப்படிச் சொல்வது?

ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. வேலைக்குச் சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் வாசலில் ஜெனி நின்றாள்.

“கௌம்பு. பார்க்குக்குப் போறோம்.”

“நான் ஓடக் கூடாது. தெரியும்ல?”

“நடக்கலாம்னு டாக்டரு சொல்லிச்சில்ல? நட. நான் இன்னா உன்ன தூக்கிகினா போப் போறேன்?”

பஸ்ஸில் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பூங்கா வாசலில் இறங்கியதும் கடல் வாசனை அடித்தது. ஜெனி ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஓடப் போகிறாள், நான் பின்னால் நடந்து வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் அவளும் என்னோடு நடந்தாள். கூண்டை நெருங்கியதும் பாதையை விட்டு இறங்கி, “இப்டி வா” என்றாள். முதல் வளைவு.

கூண்டுக்குப் பின்னால் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தது. இத்தனை நாள் ஓடியும் நான் பார்த்ததில்லை. காவலுக்கு நின்ற அண்ணன், “வந்துட்டாங்களா உங்க ஃபிரெண்டு? குடிம்மா, ஆர்.ஓ. தண்ணிதான்” என்றார். குடித்தேன். தோப்பில் சாலைப் பக்கம் திரும்பினோம். பஞ்சாயத்துக் கழிப்பறை ஒன்று, பூட்டியிருந்தது. ஜெனி எதிர்ப் பெட்டிக்கடையில் கையை நீட்டினாள், கடைக்காரம்மா சாவியை எடுத்துக் கொடுத்தார். “இதுதான் அந்தப் பொண்ணா? ஒல்லியா கீதே பாவம்” என்று எனக்கொரு கடலைமிட்டாயும் கொடுத்தார்.

எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

“ஏன்டி சொல்லல?” என்றேன்.

“சொன்னா நீ இன்னா சொல்லுவ? ‘லீக்கேஜு, என் ரோட்ட வளைக்காத’ன்னுவ. அதான் எல்லாத்தையும் முட்ச்சிட்டு காட்லாம்னு இருந்தேன்.” கொஞ்சம் நடந்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “நீ வேற மூஞ்சி குடுத்தே பேசல. நானும் கடுப்புலதான் கீறேன், தெரிஞ்சிக்கோ.”

படகுகளைத் தாண்டிக் குப்பத்துச் சந்துக்குள் நுழைந்தோம். நீலச் சுவர் வீடு. வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்தார். சுருட்டை முடிக்காரன் யாரும் இல்லை.

“நீதான் முத்துவா?” என்றார். “வாம்மா. இந்தப் பொண்ணு வாரா வாரம் வந்து, கக்கூஸ்ல தண்ணி வருதா, தாப்பா ஒயுங்கா வுழுதான்னு பாத்துட்டுத்தான் போவும். தாப்பா ஆடிக்கினு இருந்துச்சி, இதுவே ஸ்க்ரூ வாங்கியாந்து போட்டுச்சி. நானு கேட்டேன், யாருக்குமா இவ்ளோன்னு. எங்க லைன்ல ஒரு பொண்ணு கீது, அதுக்கு வெக்கம் ஜாஸ்தி, தாப்பா ஆடுனா அடக்கிகினே ஓடிடும்னு சொல்லிச்சி.”

நான் ஜெனியைப் பார்த்தேன். அவள் நண்டு பிடிக்கப் போகிறவளைப்போலக் குனிந்து மணலில் எதையோ தேடினாள். எனக்கு அப்போதும் வந்தது பொறாமைதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இப்படி ஒரு கதவை அவளுக்காகத் தட்ட எனக்கு ஏன் தோன்றவேயில்லை?

அக்கா சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். புது ஸ்க்ரூ பளிச்சென்று தெரிந்தது. தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது, ஆடவில்லை. அங்கே உட்கார்ந்து, வந்ததை வரவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி வாளியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

“இன்னாடி, முட்ச்சியா இல்லியா?” என்று ஜெனி வெளியேயிருந்து கதவைத் தட்டினாள். “சீக்கிரம் வா. மொகத்துவாரத்தாண்ட இன்னும் ஒண்ணு கீது.”